அளவு ஜாக்கெட்

பருத்திப்பட்டு, ஆவடி.
கார்த்திகை மாதம், ஞாயிறு மதியம்.

அன்பு மகள் எழிலுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் அஸ்வினும் இங்கே நலமாக இருக்கிறோம், நலம் என்றால் யாரும் படுத்துவிடவில்லை என்று வைத்துக்கொள். நீ அங்கே டப்ளினில் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போய், சளி பிடிக்காமல் இருக்க திருவேற்காட்டம்மா துணை இருக்க வேண்டும். போனில் சொல்லக்கூடாதா, இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ மீட்டிங் என்கிறாய், மீட்டிங் இல்லாத அன்று எனக்கு அழுகை வந்துவிடுகிறது, அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு ஸ்பீக்கரில் போடு, ஸ்பீக்கரில் போடு என்கிறார். அதனால்தான் சமையலை முடித்துவிட்டு முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் அஸ்வின் படம் எடுத்து உனக்கு அனுப்புவான். கடைசி வரைக்கும் படி, பாதியில் விட்டுவிட்டுக் கோபித்துக்கொள்ளாதே, பாதி படித்தவர்களால்தான் நமக்கு இவ்வளவு தொல்லையும்.

உன் தம்பி கல்யாண வேலை முழுக்க என் தலையில்தான். தை பிறந்தால் நாள் ஓடிவிடும். மண்டபம் திருமழிசையில் பேசியாகிவிட்டது, குத்தம்பாக்கம் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சௌகரியம் என்று அப்பா சொன்னார், சொன்னதோடு அவர் வேலை முடிந்தது. ஃபேக்டரியில் இருந்து ரிட்டயர் ஆன மனுஷன் இன்னும் காலை ஏழு மணிக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார், ஆனால் பத்திரிகை வைக்கப் போகலாம் என்றால் மட்டும் வெயில் என்கிறார். அஸ்வின் பெண் வீட்டாரோடு போனிலேயே குடித்தனம் நடத்துகிறான். தெருவில் குழாய் பதிக்கிறேன் என்று தோண்டிப் போட்டிருக்கிறார்கள், தண்ணி லாரி முனையிலேயே நின்றுவிடுகிறது. எனக்கு அலுத்துவிட்டது எழில், உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசில்லை. ஆனாலும் இதெல்லாம் ஒரு அலுப்பா, செய்துவிடலாம். அஸ்வின் ஒரு முடிச்சுப் போட்டதும் மிச்ச முடிச்சை அக்காக்காரி நீ போட வேண்டிய இடத்தில் நீ இருக்க மாட்டேன் என்கிறாயே, அதுதான் என்னால் தூக்க முடியவில்லை. பெரியம்மா மகள் மைதிலி போடட்டும் என்று சுலபமாகச் சொல்லிவிட்டாய். மைதிலி நல்ல பெண்தான். ஆனால் நாத்தனார் முடிச்சு என்பது மைக் செட் இல்லை, ஒன்று வரவில்லை என்றால் வேறொன்றை வரவழைக்க.

உன் மேல் மட்டும் தப்புச் சொல்லவில்லை. ரேணுகா அத்தையும் அதே பிடியில்தான் இருந்தாள். எழில் மண்டபத்தில் கால் வைத்தால் நான் வைக்க மாட்டேன் என்று அவளும், என் எழுத்தை வைத்து அவமானப்படுத்துகிற சொந்தம் எனக்கு வேண்டாம் என்று நீயும். எல்லாம் வேம்புலி சித்தப்பா செய்த வேலை. உன் நாவலில் வருகிற அத்தைக்காரி, செத்துப்போன அண்ணியின் கல்யாணப் புடவையைப் பீரோவில் இருந்து எடுத்துத் தன் நிச்சயதார்த்தத்துக்குக் கட்டிக்கொண்டு போகிறாளே, அந்த ஒரு பக்கத்தை மட்டும் படம் எடுத்து, நம் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டு, கீழே நம்ம ரேணுகா என்று எழுதி ஒரு சிரிப்பு பொம்மையும் வைத்தார். மோவாயில் மச்சம், நாம் அப்போது இருந்த ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் வாசலில் முருங்கை மரம், அரக்குப் பட்டு, எல்லாம் அப்படியே இருந்ததால் அது ரேணுகாதான் என்பதில் ஒருத்தருக்கும் சந்தேகமே வரவில்லை. ரேணுகா அன்றைக்கே குழுவை விட்டு வெளியே போய்விட்டாள். அவள் மாமியார் வீட்டில் இத்தனை வருஷமாக அது அண்ணன் எடுத்துக் கொடுத்த புடவை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள், உனக்கு அது தெரியாது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருத்தராக அவளுக்குப் போன் போட்டு ஆறுதல் சொன்னார்கள். புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னவர் ஒருத்தர் கிடையாது.

நான் படித்தேன். நீ அனுப்பியது வந்த அன்றே, அரிசி களைந்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மூன்றாம் பக்கத்தில், கதை சொல்கிற சின்னப் பெண்ணின் அம்மா காய்ச்சலில் செத்துப்போகிறாள். புத்தகத்தை மூடிவிட்டு உலை வைக்கப் போய்விட்டேன். அன்று சோறு குழைந்துபோனது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முழுவதையும் படித்தேன், நன்றாக எழுதியிருக்கிறாய், அந்தக் குவார்ட்டர்ஸ் மாடிப்படி வாசனைகூட வந்தது. ஆனால் அந்தப் பெண் வளர்ந்து பெரியவளாகிக் கடைசிவரை அத்தையை மன்னிக்கவே இல்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. ரேணுகா கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது என்றே நினைத்தேன். அதனால்தான் அந்த மாதம் நீ போன் செய்தபோது புத்தகத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல் மழை பெய்கிறதா என்று கேட்டேன்.

அப்புறம் நடந்ததைக் கேள். நம் மாடியில் புதிதாகக் குடி வந்திருக்கிறார்களே, அவர்கள் பெண் கலைவாணி, பி.ஏ. தமிழ் படிக்கிறாள். அவள் காலேஜில் உன் நாவலைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். எழுதினவங்க அம்மா கீழ் வீட்டிலேயே இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பேனாவும் பேப்பருமாக இறங்கி வந்துவிட்டாள். முதல் கேள்வி, ஆன்ட்டி, நாவலில் அடிக்கடி வருகிற பச்சை வாளி எதற்குக் குறியீடு என்று. நான் என்ன சொல்வேன், ஆவடி மார்க்கெட்டில் பச்சையும் சிவப்பும் இருந்தது, சிவப்பு வாளியில் கைப்பிடி ஆடியது, அதனால் பச்சையை வாங்கினோம் என்றேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள். பிறகுதான் குறியீடு என்றால் என்ன என்று நான் அவளைக் கேட்டேன். ஒரு பொருள் கதையில் திரும்பத் திரும்ப வந்து தன்னைவிடப் பெரிதாக ஒன்றைச் சொல்லும், அதுதான் குறியீடு என்றாள். தண்ணி வந்தால் நிரம்பும், வராவிட்டால் காலி, அந்தப் பெண்ணின் மனசும் அப்படித்தான் இருக்கிறதாம். நான் அந்த வாளியில் துணி அலசியவள், எனக்கு இது தோன்றவே இல்லை பார்.

தினமும் சாயங்காலம் வருவாள், நான் காய் நறுக்குவேன், அவள் பாடம் படிப்பாள். பின்னால் வரப்போவதை முன்னாலேயே லேசாகக் காட்டிவிட்டுப் போவதற்கு முன்னுணர்த்தல் என்று பேராம். எந்தக் கண் வழியாகக் கதையைப் பார்க்கிறோமோ அது நோக்குநிலையாம். எழுதியவர் வேறு, கதைசொல்லி வேறு, இரண்டையும் ஒன்றாக நினைத்தால் மார்க் கிடையாது என்று அவள் புரபசர் சொன்னாராம். இதை மட்டும் நான் இரண்டாம் தடவை சொல்லச் சொன்னேன். அப்படியென்றால் அத்தையைத் திருடி என்கிறவள் என் மகள் இல்லையா என்று கேட்டேன். இல்லை ஆன்ட்டி, அது ஏழு வயசுப் பொண்ணு, அதுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான் என்றாள். நம்பகமற்ற கதைசொல்லி என்று அதற்கும் ஒரு பேர் இருக்கிறதாம், சொல்கிறவருக்கே முழு விஷயம் தெரியாது, ஆனால் படிக்கிறவருக்குத் தெரியும்படி எழுத்தாளர் அங்கங்கே போட்டுவைத்திருப்பார், தேட வேண்டும். எங்கே போட்டிருக்கிறாள் காட்டு என்றேன். புரட்டிக் காட்டினாள். அந்தப் பெண் அத்தையோடு டெய்லர் கடைக்குப் போகிறது. டெய்லர் ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, அளவு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்த அக்கா வரவில்லையா, உடம்பு தேவலையா என்று கேட்கிறார். அத்தை பதில் சொல்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைக்கிறாள். அந்தப் பெண் அதைக் கவனிக்காமல் கண்ணாடி பாட்டிலில் இருக்கிற மிட்டாயையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

எழில், நான் முதல் தடவை படிக்கும்போது நானும் அந்த மிட்டாயைத்தான் பார்த்தேன் போலிருக்கிறது. கலைவாணி சொன்ன பிறகுதான் உறைத்தது. சாகப்போகிற அந்த அம்மாவே நாத்தனாரின் அளவு ஜாக்கெட்டை எடுத்துப் போய்த் தைக்கக் கொடுத்திருக்கிறாள், புடவையைத் தானே கையில் கொடுத்திருக்கிறாள். அத்தை திருடி இல்லை. அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் அது கடைசிவரை தெரியவில்லை. கையில் இருந்த கத்தரிக்காய் அப்படியே இருந்தது. ஏனென்றால் நிஜத்தில் நடந்தது அதுதானே. பட்டுப் புடவை இல்லாமல் ரேணுகா நிச்சயத்துக்கு எப்படி உட்காருவாள் என்று நான்தான் என் கல்யாணப் புடவையைக் கொடுத்தேன், இரவல் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிடக் கூடாதே என்று அப்பாவிடம்கூட மூச்சு விடவில்லை. என் ஜாக்கெட் அவளுக்குத் தொளதொள என்று இருக்கும், அதனால் பூந்தமல்லியில் அதே அரக்கில் துணி வாங்கி, அவள் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்து நானே தைத்து வாங்கினேன். நீ அன்றைக்கு என்னோடு டெய்லர் கடைக்கு வந்தாய். மிட்டாய் வாங்கித் தரவில்லை என்று வழியெல்லாம் அழுதாய். நிச்சயத்தன்று அம்மா பொடவைய அத்தை எடுத்துக்கிச்சு என்று கூட்டத்தில் கத்தினாய், மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுவதற்குள் உன் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போனேன். அப்போதே உனக்குப் புரிந்திருந்ததா, இல்லை எழுதும்போதுதான் புரிந்ததா, வந்து சொல்.

அப்பாவிடம் நம்பகமற்ற கதைசொல்லியை விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, ஆக மொத்தம் பொய் சொன்னாலும் அதுக்கு ஒரு பேர் வச்சிருக்காங்க என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார். சரி, இவரை வைத்துக்கொண்டு ஆகாது என்று போன வியாழக்கிழமை புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு நானே ரேணுகா வீட்டுக்குக் கிளம்பினேன். பூந்தமல்லி வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து ஐயப்பன்தாங்கலுக்கு இன்னொன்று. உட்கார இடம் கிடைக்கவில்லை. டிப்போவில் இறங்கும்போது முட்டி என்னுடையதாகவே இல்லை. ரேணுகா கதவைத் திறந்தாள், வா அண்ணி என்றாள், தண்ணி கொடுத்தாள், புத்தகத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதலில் அவளைப் பேசவிட்டேன், பேச வேண்டியதுதானே. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியில் நின்றது, உனக்குப் பேன் பார்த்தது, நான் மண்ணூர்பேட்டை எக்ஸ்போர்ட் தையல் கம்பெனிக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வரும்வரை உனக்குச் சோறு ஊட்டியது, ஒன்று விடாமல் சொன்னாள். எல்லாம் உண்மைதான். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் இன்னா திருடியா அண்ணி? என் ஊட்டுக்காரர் தங்கச்சி வந்து கேக்கறா, அண்ணன் எட்த்துக் குட்த்த பொடவைனு சொன்னியே, அது இன்னா கதைன்னு. நான் எங்க போய் மூஞ்சிய வெச்சிக்கிறது?" என்றாள்.

நான் கலைவாணி மாதிரியே ஆரம்பித்தேன். எழுதியவர் வேறு, கதைசொல்லி வேறு என்றேன். அதெல்லாம் எனக்குத் தெரியாது, உம் பொண்ணுதானே எழுதினா என்றாள். நோக்குநிலை என்றேன், என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதோடு அந்த வார்த்தைகளை எல்லாம் மூட்டை கட்டிவிட்டேன். புத்தகத்தைத் திறந்து டெய்லர் கடையை மட்டும் வாசித்தேன். அளவு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்த அக்கா வரவில்லையா என்ற இடத்தில் அவள் கை நின்றுவிட்டது, கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இன்னொரு தடவை வாசி என்றாள். வாசித்தேன். எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. அந்தப் புடவையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள், பழைய வேட்டித் துணியில் சுற்றி, வசம்பு போட்டு, நான் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டோடு. அப்ப நீ குட்த்ததுன்னுதான் எழ்திகீறாளா என்று கேட்டாள். ஆமாம், ஆனால் கதையில் வருகிற பெண்ணுக்கு அது தெரியாது, படிக்கிறவருக்கு மட்டும் தெரியும் என்றேன். அட பாவமே, அந்தப் பொண்ணுக்கு யாராச்சும் சொல்லியிருக்கக் கூடாதா என்று மூக்கைச் சிந்தினாள். திருடி என்று தன்னைச் சொன்ன அந்தப் பெண்ணுக்காகவே அழுகிறாளே என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ரேணுகா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். டீ போட்டாள். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, நிதானமாக, "அதெல்லாம் சரி அண்ணி. உன்ன இன்னாத்துக்கு சாவடிச்சா?" என்று கேட்டாள்.

நம் சொந்தத்தில் எத்தனை பேர் ரேணுகாவுக்காகப் பரிந்து பேசினார்கள். ஒருத்தர், ஒரே ஒருத்தர் என்னைப் பார்த்து இதைக் கேட்கவில்லை எழில். யாருக்கும் தோன்றவே இல்லை. கேட்டவள் அவள்தான். டம்ளரைக் கீழே வைத்தேன். கதைக்குத் தேவைப்பட்டிருக்கும் என்று சொல்லிவைத்தேன். இன்னா கதையோ என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் கலைவாணியைக் கேட்டேன், அம்மாக்காரி ஏன் சாக வேண்டும் என்று. அவள் யோசிக்கவே இல்லை. அம்மா உயிரோட இருந்தா பொடவைய நான்தான் குடுத்தேன்னு ஒரு வார்த்தையில சொல்லிடுவாங்க ஆன்ட்டி, அப்புறம் நாவலே கிடையாது என்றாள். பரீட்சைக்குச் சரியான பதில், நானும் ஒத்துக்கொண்டேன். கதைக்காக என்றால் செத்துவிட்டுப் போகிறேன், அதிலொன்றும் குறைந்துவிடாது. ஆனாலும் வலித்தது, அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. நான் கம்பெனிக்குப் போய்விட்டு, நீ தூங்கின பிறகு வந்து, நீ எழுந்திருக்கும் முன்னே கிளம்பிப் போன அந்த வருஷங்கள் உனக்கு அம்மா இல்லாத மாதிரியே இருந்ததா? ஒரு முழு நாள் இதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். வேலைக்குப் போனதற்கு எனக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை, போகாவிட்டால் குடித்தனம் நடந்திருக்காது. ஆனால் அந்தப் பெண் இருட்டில் கதவுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்குகிறது என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு மட்டும் கலைவாணியிடம் விளக்கம் கேட்கவில்லை. அவள் ஏதாவது ஒரு பேர் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

இதற்குப் பதிலை எழுத வேண்டாம், போனிலும் சொல்ல வேண்டாம். நேரில் வந்து, நான் பாத்திரம் தேய்க்கும்போது பக்கத்தில் நின்று சொல். இல்லை, சொல்லாமலே இரு, அதுவும் போதும். வா, அவ்வளவுதான்.

ரேணுகா கல்யாணத்துக்கு வருகிறாள். ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள், அதையும் கேட்டுக்கொள். நீ அந்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் அஸ்வின் கல்யாணத்தில் நாத்தனார் முடிச்சுப் போட வேண்டுமாம். "அவ அந்தப் பொடவைய கட்டிகினு வரட்டும். எங்க அண்ணி குட்த்த பொடவைன்னு நானே அல்லார் எதிர்லயும் சொல்றேன்" என்றாள். இத்தனை வருஷம் மறைத்ததை அவளாகவே மேடையில் சொல்லப்போகிறாள். என் கழுத்தில் முடிச்சுப் போட்டவளும் அவள்தான், அது உனக்குத் தெரிந்திருக்கும், கயிறு நழுவாமல் எப்படி இழுக்க வேண்டும் என்று உன் பக்கத்தில் நின்று அவளே காட்டித் தருவாளாம். வேம்புலி சித்தப்பாவுக்குப் பத்திரிகை வைத்தாகிவிட்டது, அவரை நான் பார்த்துக்கொள்கிறேன், உன் புத்தகம் ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்து முதல் பந்தியில் உட்காரவைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. டிக்கெட் போட்டதும் அஸ்வினுக்குச் செய்தி போடு, ஏர்போர்ட்டுக்கு அப்பா வருவார், வெயில் என்று சொல்ல மாட்டார். நீயும் உன் எழுத்தும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க அப்பா, அம்மா ஆசீர்வாதம். மறந்துவிடாமல் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஜாக்கெட் தைக்க வேண்டும். பீரோவில் உன் பழைய அளவு ஜாக்கெட் இருக்கிறது, நீ காலேஜ் படிக்கும்போது தைத்தது. அதை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன், உனக்கு இப்போது அது சரியாக இருக்குமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷம் கம்பெனியில் ஊர் உலகத்துக்கெல்லாம் அளவு பார்த்துத் தைத்தவள், என் மகள் தோள் இப்போது எவ்வளவு அகலம் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அளவு எடுத்து அனுப்பு. முடியவில்லை என்றால் நாலு நாள் முன்னாலேயே வந்துவிடு, டெய்லர் கடைக்கு நானே கூட்டிப்போகிறேன், இந்தத் தடவை மிட்டாயும் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் பக்கத்தைத் தாண்டி இன்னும் உயிரோடு இருக்கிற
உன் அம்மா,
வனஜா பாஸ்கரன்.